சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலானால்: சுற்றுலாப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்க எந்த வழி?

தனுஷ்கோடிக்குப் போய் வந்தவர்களின் போனில் இந்தப் படம் அநேகமாக இருக்கும். 1964 டிசம்பர் புயலுக்குப் பின்னும் நிற்கும் தேவாலயத்தின் பவழக்கல் சுவர், அதன் முன்னால் வீட்டுப் பெண் ஒருவர், தலைக்கு மேல் நீல வானம், காலடியில் வெயிலில் வெளுத்த மணல். அந்தச் சுவரைப் பார்த்ததுமே இதைக் கறுப்பு வெள்ளையில் வைத்துக்கொள்ளத் தோன்றும். வண்ணத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் வருவதோ சோகை பிடித்த சாம்பல் படம். சுவர் வானத்தோடு ஒட்டிக்கொள்கிறது. சிவப்புச் சேலையின் பச்சைக் கரை காணாமல் போகிறது. உடனே கை கான்ட்ராஸ்ட் ஸ்லைடருக்குப் போகும். மணல் வெந்து வெள்ளையாகும், கூந்தல் கரியாகும், சுவரும் வானமும் மட்டும் முன்போலவே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

கான்ட்ராஸ்ட் வெளிச்ச வேறுபாட்டைத்தான் பெருக்கும். இருக்கிற வேறுபாட்டை மட்டுமே பெருக்க முடியும். சுவரையும் வானத்தையும் கண் பிரித்துப் பார்த்தது நிறத்தை வைத்து. அந்த நிறத்தைத் தூக்கி எறிந்த பிறகு அவற்றைப் பிரிக்க வேறு எதுவும் படத்தில் இல்லை. ஆகவே படம் தேறுமா தேறாதா என்பது வண்ணம் போகும் அந்த ஒரு படியிலேயே முடிவாகிவிடுகிறது: எந்த நிறம் எந்தச் சாம்பல் ஆக வேண்டும்? கீழே பார்க்கப்போகும் வழிகளுக்குள் உள்ள வேறுபாடெல்லாம், இந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்பதில்தான். மென்பொருள் சொல்கிறதா, நீங்கள் சொல்கிறீர்களா?

ஒப்பிட வசதியாக, அப்படிப்பட்ட ஒரு படத்தில் இருக்கக்கூடிய பிக்சல் மதிப்புகளை எடுத்துக்கொள்வோம். சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில், 0 முதல் 255 வரை:

வானம்: 95, 150, 215
சுவர்: 150, 140, 125
மணல்: 225, 210, 185
சேலை: 180, 30, 45
கரை: 20, 105, 60
முகம்: 165, 115, 85
பொட்டு: 170, 25, 35

சாச்சுரேஷனைப் பூஜ்யமாக்குவது

சாச்சுரேஷன் என்பது நிறத்தின் அடர்த்தி; அதைப் பூஜ்யமாக்குவது ஒரே தொடுதலில் முடிகிற வேலை. பெரும்பாலான மென்பொருள்கள் இதற்குக் கண்ணின் உணர்திறனை ஒட்டிய ஒரு நிலையான விகிதத்தைக் கையாள்கின்றன. பழைய தொலைக்காட்சித் தரத்தின்படி சிவப்பில் 0.299, பச்சையில் 0.587, நீலத்தில் 0.114 பங்கு எடுத்துக் கூட்டுவது அவற்றில் ஒன்று. நம் மதிப்புகளை அதில் போட்டால் வானம் 141, சுவரும் 141. சேலை 77, கரை 74. படம் ஏன் சோகையாக வந்தது என்பதற்கு இந்த நான்கு எண்களே போதும்.

எல்லா மென்பொருளும் இப்படியே செய்வதில்லை. போட்டோஷாப்பின் டீசாச்சுரேட் கட்டளை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களில் பெரியதையும் சிறியதையும் கூட்டி இரண்டால் வகுக்கிறது. முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம் மூன்றும் அதில் ஒரே 128 ஆகிவிடும். நம் படத்தில் சேலையும் கரையும் 105, 62 என்று பிரிந்துவிடுகின்றன. வானம் 155 ஆகிச் சுவரைவிட வெளுத்துப்போகிறது. இலவச மென்பொருளான கிம்ப்பில் டீசாச்சுரேட்டைத் திறந்தால் ஐந்து கணக்கீட்டு முறைகள் தெரியும். ஐந்தையும் மாற்றிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும், அதில் ஒன்று தற்செயலாகப் பொருந்தவும் கூடும். பனிமூட்டத்தில் எடுத்த கொடைக்கானல் படம்போல நிறமே குறைவான காட்சிக்கு இந்த வழி தாராளமாகப் போதும். வண்ணச் சேலையும் நீல வானமும் உள்ள படத்துக்கு இது சூதாட்டம்.

போனிலேயே: ஸ்னாப்சீட்

படம் திருத்தும் போன் செயலி இது. இலவசம், கையிலேயே இருக்கிறது. அதன் பிளாக் அண்ட் வைட் கருவியில் வெளிச்சம், கான்ட்ராஸ்ட், கிரெய்ன் (பழைய ஃபிலிமின் பொடிப்புள்ளி) தவிர நிற ஃபில்டர்களும் உண்டு. பலர் அவற்றைத் தொடுவதே இல்லை; ஆனால் அந்தக் கருவியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. சிவப்பு ஃபில்டர் வானத்தை இருட்டாக்கும், பச்சை ஃபில்டர் சிவப்புச் சேலையை இருட்டாக்கும். ஆரஞ்சு ஃபில்டரில் தொடங்குங்கள். கடலும் முகமும் சேர்ந்து வரும் படங்களுக்குப் பெரும்பாலும் அதுவே நடுநிலையாக இருக்கும்.

குறை என்னவென்றால், தேர்ந்தெடுத்த ஃபில்டர் முழுப் படத்துக்கும் ஒன்றாகவே விழும். இதைச் சுற்றி வர ஒரு வழி உண்டு. கறுப்பு வெள்ளையாக்குவதற்கு முன்பே, படம் வண்ணத்தில் இருக்கும்போது, செலக்டிவ் கருவியால் வானத்தில் ஒரு புள்ளி வைத்து, இரண்டு விரலால் வட்டத்தைப் பெரிதாக்கி, வெளிச்சத்தை −30 வரை குறையுங்கள். அந்தக் கருவி புள்ளியின் நிறத்தை ஒத்த இடங்களைத் தேடிப் பிடிப்பதால் சுவர் பெரிதாகப் பாதிக்கப்படாது. அதன் பிறகு பிளாக் அண்ட் வைட். வரிசையை மாற்றி, சாம்பலான படத்தில் இதையே செய்தால் கருவிக்கு வானமும் சுவரும் ஒன்றாகவே தெரியும். இரண்டும் சேர்ந்து இருண்டுபோகும்.

சேனல் மிக்சர்

போட்டோஷாப்பில் மோனோக்ரோம் பெட்டியைத் தேர்ந்த சேனல் மிக்சர், கிம்ப்பில் மோனோ மிக்சர், டார்க்டேபிளில் கலர் காலிபிரேஷனின் கிரே பகுதி எல்லாம் ஒரே வேலையைச் செய்பவை. மூன்று சேனல்களையும் எந்த விகிதத்தில் கலப்பது என்று நீங்களே சொல்கிறீர்கள். மூன்றின் கூட்டுத்தொகை 100 இருந்தால் மொத்த வெளிச்சம் மாறாது.

சிவப்பு 100 என்று மட்டும் வைத்துப் பாருங்கள். வானம் 95, சுவர் 150. பார்த்ததும் மனம் குளிரும். பிறகு முகத்துக்குப் போங்கள்: முகம் 165, பொட்டு 170. நெற்றியில் குங்குமம் இருந்த சுவடே இல்லை. உதடும் அப்படித்தான் மறையும். இந்தக் கலவை சிவப்பு ஃபில்டர் போட்டதற்குச் சமம்; தமிழ்நாட்டுக் குடும்பப் படங்களில் அது செய்யும் பெரிய கெடுதல் இதுதான். ஃபில்டர் என்றதும் அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் நினைவுக்கு வருவார். 1927-ல் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையை எடுத்தபோது முதலில் மஞ்சள் ஃபில்டரும், அது போதாதென்று அடுத்த தகட்டில் அடர்சிவப்பு ஃபில்டரும் போட்டு வானத்தைக் கிட்டத்தட்டக் கறுப்பாக்கினார். அந்தக் காட்சியில் மனித முகம் இல்லை. நம் படத்தில் இருக்கிறது.

சிவப்பு 60, பச்சை 40, நீலம் 0 என்று கலந்தால் வானம் 117, சுவர் 146, முகம் 145, பொட்டு 112, சேலை 120, கரை 54. வானம் பிரிந்துவிட்டது, பொட்டும் பிழைத்தது, கரையும் தெரிகிறது. ஆனால் முகம் 145, சுவர் 146! முகம் சுவரை ஒட்டி நின்றால் கன்னத்தின் விளிம்பு கரைந்துபோகும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று அவிழ்வது சேனல் மிக்சரின் இயல்பு. மூன்று திருகுகளால் ஏழு பொருள்களைப் பிரித்துவிட முடியாது.

ஆனால் சேனல் மிக்சரை இரண்டு முறை பயன்படுத்தலாம், காசு செலவில்லாமல் நல்ல படம் வேண்டும் என்பவர்களுக்கு இதையே சொல்வோம். கிம்ப்பில் படத்தின் லேயரை இரட்டிக்கவும்; ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பிரதிகள் கிடைக்கும். கீழ் லேயரில் 0, 100, 0. அதில் முகம் 115, சுவர் 140, பொட்டு 25, சேலை 30, கரை 105. முகத்துக்கும் சேலைக்கும் உகந்த கலவை. மேல் லேயரில் 100, 0, 0, இது வானத்துக்கு. மேல் லேயருக்குக் கறுப்பு மாஸ்க் (அந்த லேயரை மறைக்கும் திரை; வெள்ளை தீட்டிய இடத்தில் மட்டும் லேயர் தெரியும்) போட்டு, வானம் இருக்கும் இடத்தில் மட்டும் மென்மையான வெள்ளைத் தூரிகையால் தீட்டவும். மாஸ்க் சுவரின் விளிம்பைக் கொஞ்சம் தாண்டினாலும் கவலை இல்லை. சுவர் ஏறத்தாழ நிறமற்றது என்பதால் ஒரு கலவையில் 140, மற்றதில் 150, அவ்வளவுதான் வித்தியாசம். கூட்டுத்தொகை 100 இருக்கும் எந்தக் கலவையிலும் நிறமற்ற பொருள் பெரிதாக அசையாது. தூரிகை முகத்தின் பக்கம் போகாமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டும்போது முதலில் போவது மணல். 60, 40 கலவையில் 219 இருக்கும் மணல், 72, 48 என்று ஆனதும் 263 கேட்கும். 255-க்கு மேல் இடமில்லாததால் மணலின் அலையும் காலடித் தடமும் வெறும் வெள்ளையாகிவிடும்.

நிற ஸ்லைடர்கள்

போட்டோஷாப்பின் பிளாக் அண்ட் வைட் அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் ஆறு நிறங்கள், லைட்ரூமின் கறுப்பு வெள்ளை மிக்சரில் எட்டு. இதற்கும் சேனல் மிக்சருக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சேனல் மிக்சர் ஒவ்வொரு பிக்சலையும் தொடும். நிற ஸ்லைடர், ஒரு பிக்சலில் அந்த நிறம் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் தொடும். முகமும் சுவரும் பழுப்புச் சாயல்தான். முகத்தில் நிறம் அடர்த்தி, சுவரில் மிகக் குறைவு. அதனால் ஒரே ஸ்லைடரை அசைத்தாலும் முகம் நகரும், சுவர் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். சேனல் மிக்சரில் அவிழ்ந்த முடிச்சு இங்கே இறுகுகிறது.

போட்டோஷாப்பில் தொடக்க அளவுகள் சிவப்பு 40, மஞ்சள் 60, பச்சை 40, சியான் 60, நீலம் 20, மெஜந்தா 80. இந்த நிலையில் வானம் ஏறத்தாழ 141, சுவர் 138; பழைய கதைதான். நீலத்தை −20-க்கும் சியானை 20-க்கும் இறக்குங்கள். வானம் 93 அளவுக்கு இறங்கும். சுவர், மணல், முகம் எதுவும் அசையாது. இரண்டையும் சேர்த்து இறக்குவது முக்கியம். உச்சியில் வானம் நீலம், அடிவானத்தை நெருங்க நெருங்க சியான் கலந்தது. நீலத்தை மட்டும் இழுத்தால் மேலே கரும்பட்டையும் கீழே வெளுப்புமாகத் திட்டுத்திட்டாகும்.

அடுத்தது பொட்டு. சிவப்பை 70-க்கு ஏற்றினால் முகம் 138, பொட்டு 127 ஆகி மீண்டும் மங்கும். எதிர்ப்பக்கம் போங்கள்: சிவப்பு 30, மஞ்சள் 75. முகத்தில் மஞ்சள் பங்கு இருக்கிறது, குங்குமத்தில் இல்லை. முகம் 122-ல் நிற்க, பொட்டு 73-க்கு இறங்கும். சேலை 82, கரை 46. பச்சை ஸ்லைடரைத் தொடாமலே கரை இருண்டதற்குக் காரணம், அந்தப் பச்சையில் நீலச்சாயல் இருப்பதால் சியானை இறக்கியபோது அதுவும் சேர்ந்து இறங்கியதுதான். ஏழு பொருளும் ஏழு சாம்பலாகிவிட்டன.

எந்தப் பொருளில் எந்த நிறம் இருக்கிறது என்று ஊகிக்க வேண்டாம். பேனலில் கை வடிவக் குறியை அழுத்தி, படத்தில் அந்த இடத்தின் மேல் வைத்து இடமோ வலமோ இழுத்தால் உரிய ஸ்லைடர் தானே நகரும். இலைகளில் இதைச் செய்து பார்த்தால், பச்சையைவிட மஞ்சள் ஸ்லைடரே அதிகம் வேலை செய்வதைப் பார்ப்பீர்கள். தேயிலைத் தோட்டப் படங்களில் பச்சையை எவ்வளவு ஏற்றியும் ஒளிராததற்குக் காரணம் அது. லைட்ரூமில் ஆரஞ்சு தனியாக இருப்பது பெரிய வசதி. முகம் அதில், பொட்டு சிவப்பில், இரண்டும் தனித்தனி.

இந்த ஆரஞ்சு ஸ்லைடரைப் பற்றி ஒரு சொல். அதை ஏற்றினால் முகம் வெளுக்கும், வெளுத்ததும் படம் பளிச்சென்றும் தோன்றும். அங்கே நிறுத்திவிடுங்கள். மாநிறமும் கறுப்பும் கறுப்பு வெள்ளைப் படத்தில்தான் முழு அழகோடு நிற்கும். கன்னத்தின் மினுக்கமும் கண்ணின் வெண்மையும் தெரிவது தோலின் சாம்பல் ஆழமாக இருக்கும்போதுதான். வெளுக்கவைத்தால் முகம் மணலோடு சேர்ந்து தட்டையாகும், அந்த மனிதரின் நிறமும் பொய்யாகும்.

ஸ்லைடரைத் தொடுவதற்கு முன் வைட் பேலன்ஸைப் (வெள்ளைப் பொருள் வெள்ளையாகவே தெரியும்படி நிறச்சாயலைச் சரிசெய்வது) பார்த்துவிடுங்கள். வண்ணம் போகப்போகிறதே, அது எதற்கு என்று தோன்றும். படம் நீலச்சாயல் ஏறியிருந்தால் சுவரும் மணலும் நீலத்தில் சேர்ந்துவிடும். வானத்தை இறக்கும்போது அவையும் கூடவே இறங்கும்.

சில்வர் எஃபெக்ஸும் கேமராவின் மோனோக்ரோமும்

நிக் என்ற மென்பொருள் தொகுப்பில் வரும், கறுப்பு வெள்ளைக்கென்றே உள்ள சில்வர் எஃபெக்ஸை 2016-ல் கூகுள் இலவசமாக்கியது, 2017-ல் டிஎக்ஸ்ஓ நிறுவனம் வாங்கியது. இப்போது காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பழைய ஃபிலிம்களின் டோனும் கிரெய்னும், இடம் பார்த்து வைக்கும் கன்ட்ரோல் பாயின்ட்களும் அதன் பலம். வருடத்துக்கு ஒரு சுற்றுலா போய் பத்துப் படம் எடுப்பவருக்கு இந்தச் செலவு தேவையில்லை. கறுப்பு வெள்ளையையே தொடர்ந்து செய்பவர், கிரெய்னின் தரத்துக்காகவே வாங்கலாம்.

கேமராவின் மோனோக்ரோம் நிலையில் ஜேபெக் (சுருக்கிச் சேமித்த படக் கோப்பு) மட்டும் எடுத்தால் நிறத் தகவல் அங்கேயே அழிந்துவிடும். பின்னால் எந்த ஸ்லைடரும் வேலை செய்யாது. ரா (கேமரா பதிந்த தகவலைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் கோப்பு), ஜேபெக் இரண்டையும் சேர்த்துப் பதியும்படி வைத்தால், திரையில் கறுப்பு வெள்ளையைப் பார்த்தபடி எடுக்கலாம், ரா-வில் வண்ணம் முழுதும் பத்திரமாக இருக்கும். அப்படி எடுப்பது நல்ல பயிற்சியும்கூட.

ஜேபெக் எங்கே முறியும்?

போன் படங்கள் பெரும்பாலும் ஜேபெக்காகத்தான் இருக்கும். அதில் வெளிச்சத் தகவல் முழு அளவிலும், நிறத் தகவல் பெரும்பாலும் நீளத்திலும் அகலத்திலும் பாதி அளவிலும் சேமிக்கப்படுகிறது. வண்ணப் படத்தில் கண்ணுக்கு இது தெரியாது. நிறத்தை வைத்துச் சாம்பலைப் பிரிக்கும்போதுதான் அந்தச் சிக்கனம் வெளியே வரும். வானத்தை மிகவும் இறக்கினால் மூன்று கோளாறுகள் கிளம்பும். சுவரின் விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும், ஏனென்றால் அங்கே நிறம் பாதித் துல்லியத்தில் கலங்கியிருக்கிறது. வானத்தில் சதுரக் கட்டங்கள் தெரியும். நிறத்தில் ஒளிந்திருந்த நாய்ஸ் புள்ளிபுள்ளியாக மேலே வரும்.

100 சதவீத அளவில் விளிம்பைப் பார்த்தபடியே இறக்குங்கள். வெள்ளைக் கோடு தெரியத் தொடங்கியதும் கொஞ்சம் பின்வாங்கி, மீதி இருட்டை மேலிருந்து கீழாக ஒரு கிரேடியன்ட் மாஸ்க்கால் கொடுங்கள். அது நிறத்தைத் தொடாமல் வெளிச்சத்தை மட்டும் இறக்குவதால் விளிம்பு கெடாது. படத்தை முதலிலேயே 16 பிட்டுக்கு (நிறப் படிகளை இன்னும் நுணுக்கமாகக் கணக்கிடும் முறைக்கு) மாற்றிக்கொள்வதும் உதவும்; இழந்ததை அது மீட்காது, ஆனால் அடுத்தடுத்த படிகளில் வானம் பட்டைபட்டையாக உடைவதைக் குறைக்கும். ரா கோப்பு இருந்தால் இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதி இல்லை. வாட்ஸ்அப்பில் படமாக வந்த கோப்பை வைத்து இதில் எதையும் முயல வேண்டாம். மூலப்படத்தை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

உச்சிவெயிலில் வானம் முழு வெள்ளையாக, மூன்று சேனலும் 255 என்று பதிந்திருந்தால் மேலே சொன்ன எந்த வழியும் பலிக்காது. அங்கே இறக்க நிறமே இல்லை. வானத்தை முடிந்தவரை வெட்டிவிட்டு, சுவரையும் முகத்தையும் மட்டும் வைத்துக்கொள்வது மேல்.

எதைத் தேர்வது?

போனில் பார்க்கவும் வீட்டாருக்கு அனுப்பவும் மட்டும் என்றால் ஸ்னாப்சீட், ஆரஞ்சு ஃபில்டரோடு, வானத்தை முன்பே செலக்டிவில் இறக்கிய பின். கணினி இருக்கிறது, செலவு கூடாது என்றால் கிம்ப்பில் இரண்டு லேயர் முறை. அரைமணி நேரம் ஆகும், ஸ்லைடர் முறைக்கு மிக அருகில் வந்துவிடும். போட்டோஷாப் அல்லது லைட்ரூம் சந்தா ஏற்கெனவே இருந்தால் யோசிக்கவே வேண்டாம், நிற ஸ்லைடர்கள்தான். நான்கைந்து வண்ணங்கள் மோதும் குடும்பக் குழுப்படத்துக்கு அவற்றுக்கு ஈடான வழி இல்லை.

எந்த வழியில் போனாலும் பிறகு செய்ய வேண்டிய நகாசு வேலை ஒன்றுதான். சுவரில் மட்டும் நுண்விவரத்தை எடுப்பாக்கும் ஸ்ட்ரக்சர் அல்லது கிளாரிட்டியை 15 முதல் 20 வரை கூட்டினால் பவழக்கல்லின் துளைகள் எழும்பி வரும். அதை வானத்தில் போட்டால் நாய்ஸ், முகத்தில் போட்டால் சுருக்கம். உச்சிவெயிலில் கண்குழியில் விழுந்த நிழலைத் தூக்க, 50 சதவீதச் சாம்பல் நிரப்பிய லேயரை சாஃப்ட் லைட் என்ற கலப்பு முறையில் வைத்து, 5 முதல் 8 சதவீத ஒபாசிட்டியில் (தூரிகை படியும் அடர்த்தி) வெள்ளைத் தூரிகையால் இரண்டு மூன்று முறை தடவுங்கள். ஒரே தடவலில் செய்தால் பவுடர் பூசியதுபோல் தெரியும். கடைசியாக, கூந்தலின் ஆழமான இடம் 5-க்கும் 10-க்கும் நடுவே, மணலின் மிக வெளிச்சமான இடம் 240 பக்கத்தில் நிற்கும்படி, கறுப்பு வெள்ளை எல்லைகளை வைக்கும் லெவல்ஸ் கருவியை அமையுங்கள். கிரெய்ன் சேர்ப்பதானால் படத்தின் அளவைக் குறைத்த பிறகுதான் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் சுருங்கிக் கலங்கிவிடும்.

அச்சிடப் போகிறவர்கள் 8-க்கு 12 அங்குலத்துக்கு 2400-க்கு 3600 பிக்சல் இருக்கிறதா என்று பார்த்து, கிரேஸ்கேலாக (ஒரே சாம்பல் சேனலாக) மாற்றாமல், மூன்று சேனல் கொண்ட ஆர்ஜிபி-யாகவே, எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிறத் தரத்தில் சேமித்துக் கொடுக்கவும். ஸ்டூடியோவில் ஆட்டோ கரெக்‌ஷன் போடாமல் அடிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்கள் இறக்கிய வானத்தை இயந்திரம் மீண்டும் தூக்கிவிடும். வண்ணத் தாளில் அச்சாகும் கறுப்பு வெள்ளையில் இலேசான பச்சையோ மெஜந்தாவோ ஏறுவதுண்டு. முழு அளவுக்கு முன் 4-க்கு 6-ல் ஒன்று அடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் மணலையும் முகத்தையும் பாருங்கள். மேட் தாளில் கறுப்பு கொஞ்சம் வெளுத்துத்தான் வரும், அதனால் சேலைக்கும் கரைக்கும் நடுவே திரையில் தேவைப்பட்டதைவிடச் சற்றுக் கூடுதல் இடைவெளி விட்டு வைக்க வேண்டும்.